ஊறுகாய் ஜாடியில் ஒரு தங்கமீன்

மீனுக்குக் கம்பளிக் குல்லா மாட்டிய ஒரே அரசு ஊழியன் நான்தான். மீனின் தலையில் இல்லை. அது குடியிருந்த ஊறுகாய் ஜாடியின் தலையில். கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் வருட மழைக்காலம் அது. பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் தஞ்சாவூரில் இருந்தது. குவார்ட்டர்ஸ் அறையில் என்னைத் தவிர மூச்சு விட்டது அந்தத் தங்கமீன் மட்டும்தான். வாங்கியபோது இருந்த விரல் நீளத்திலேயே அது நின்றது. ஜாடிக்கு ஏற்ற அடக்கம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர் குவார்ட்டர்ஸில் எங்கள் ஆபீஸ் ஜீப் டிரைவர். ஊர் வைத்த பெயர் 'தொட்டிக்காரர்'. மனிதர்களில் அவருக்கு இரண்டே ஜாதி: தண்ணீர் மாற்றுகிறவர்கள், மாற்றாதவர்கள். குளியலறைச் சிமெண்டுத் தொட்டியை மூன்று மீன்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மார்கழியிலும் தெருக்குழாயில் குளித்தார். ஞாயிறுதோறும் ஸ்கேலைத் தண்ணீரில் இறக்கி மீன்களை அளப்பார், அசைந்தால் அதட்டுவார். ஒருமுறை லீவு கேட்கப் போனவர், அதிகாரியின் மேஜையில் கண்ணாடிக் கிண்ணத்து மீனைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கய்யா, இதுக்கு மூச்சு முட்டுதுங்க" என்று கிண்ணத்தோடு வெளியே வந்துவிட்டார். லீவு கிடைக்கவில்லை, மூன்றாவது மீன் கிடைத்தது.

ஒரு காலையில் என் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தது. ஜாடியைக் கட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஜாடியின் குல்லாவைக் கழற்றித் தண்ணீரை முகர்ந்தார்.

"மாத்தி எத்தன நாளாச்சுங்க?"

"கலங்குனா மாத்துவேன். மொத்தமா."

"கழிச்சதுலயே கெடந்தா எப்படி சாமி வளரும்? அப்புறம் ஒரேயடியா பச்சத் தண்ணியில போட்டா வெறைக்காதுங்களா?"

"சின்ன ஜாதி மீனுன்னு நெனச்சேன்."

"சின்ன மீனில்லீங்க. சின்னதாப் போன மீனு."

ஜாடியைத் தொட்டியில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்தபின் மீனை மெதுவாக விட்டார். பிழைக்குமா என்பது மூன்று நாளில் தெரியும் என்றார். மூன்று நாளும் ஆபீஸ் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்தேன். நான்காம் நாள் மீன் தீனிக்கு வந்தது. ஐந்தாம் நாள் போக எனக்குக் காரணம் இல்லை, போனேன். அடுப்பில் டீ இருந்தது, பக்கத்தில் இரண்டாவது டம்ளர் இருந்தது.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினார். ஒரு வருடத்தில் மீன் என் உள்ளங்கை நீளத்துக்கு வந்தது. விட்டுப்போன வளர்த்தி முழுசாக வராது என்று சொல்லியிருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னதுதான் உறுத்தியது.

பிறகு ரிட்டையர் ஆனார். தன் மூன்று மீன்களையும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மடியில் அணைத்துக்கொண்டு, பஸ்ஸில் மலைப்பாதையின் அத்தனை வளைவும் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் சொந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். என் மீனுக்கு ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்துவிட்டுத்தான் போனார். நானும் இரண்டாவதாக ஒரு டம்ளர் வாங்கினேன். இதுவரை அதைக் கழுவ வேண்டி வரவில்லை.

போன வாரம் மழை விடவேயில்லை. அவருக்குப் போன் செய்து, மீன் உங்களைத் தேடுகிறது என்றேன்.

"மீனு ஆளத் தேடாதுங்க சாமி," என்றார். "தண்ணி மாத்தி எத்தன நாளாச்சு?"