கம்ப்யூட்டருக்குள் போன கையெழுத்து

தாம்பரத்தில் குடியிருக்கும் என் மகன் வெற்றிசெல்வனுக்கு, கீரமங்கலம் பூந்தோட்டத்து சிவசாமி வாயால் சொல்ல, கம்ப்யூட்டர் கடை செவந்தி அடிக்கும் கடிதம். இங்கே நான், உன் அம்மா சொர்ணவல்லி, ஆடு நான்கு, மோட்டார் ஒன்று, எல்லாரும் நலம். மோட்டார் மட்டும் செவ்வாய்க்கிழமையிலிருந்து நலமில்லை. அங்கே உன் நலம் எப்படி என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் கேட்கலாமே என்பாய். போனில் நீ "நல்லாருக்கேம்ப்பா" என்கிறாய். உனக்கு வேலை போன வருஷமும் அதையேதான் அதே குரலில் சொன்னாய். கடிதத்தில் உனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் நீ காலேஜுக்குப் போன நாள் முதல் எழுதிய கடிதம் ஒவ்வொன்றும் ஆள் முகம் மாதிரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. சந்தோஷமாக இருந்தால் உன் வரி மேலே ஏறும். பொய் சொன்னால் எழுத்து சின்னதாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதல் வருஷம் ஆவணியில் மூன்று பாடம் போனதை நீ எழுதவேயில்லை, ஆனால் பேனாவை அழுத்திய அழுத்தில் தாளின் முதுகு மேடு மேடாக இருந்தது; விரலால் தடவிப் பார்த்துவிட்டு "பய பெயிலு" என்றேன். ரிசல்ட் வந்த பிறகு உன் அம்மா ஒரு வாரம் பேசவில்லை. உன்னோடு அல்ல, என்னோடு.

அப்படி இருக்கையில் போன தை மாதம் அச்சடித்த தாள் ஒன்று தபாலில் வந்தது. நம் வீட்டுக்கு அச்சில் வந்தது எதுவும் நல்லதுக்கு வந்ததில்லை. ரோட்டுக்கு நிலம் எடுத்தது அச்சில்தான் வந்தது, கரண்டைப் பிடுங்குவோம் என்றதும் அச்சில்தான் வந்தது. யாரிடமும் காட்டாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பட்டா நகலையும் எடுத்துக்கொண்டு, ஆலங்குடிக்கு பஸ் ஏறி ஆபீஸில் வரிசையில் நின்றேன். மேஜைக்காரர் வாங்கிச் சத்தமாகவே படித்தார்: "'அப்பாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா?' ஏம் பெரியவரே, இதுக்கு நாங்க என்ன உத்தரவு போடணும்?" எனக்குப் பின்னால் நின்றவன், "தேய்க்கச் சொல்லி ஆர்டர் போடுங்க சார்" என்றான். வரிசை மொத்தமும் சிரித்தது. அது நீ அனுப்பிய கடிதம்.

உன் தங்கை கார்த்திகா இதைக் கேள்விப்பட்டு, ஆவுடையார்கோவிலிலிருந்து போன் போட்டு உன்னைத் திட்டியிருக்கிறாள். நீ என்ன செய்தாய்? கம்ப்யூட்டரில் அடித்தாலும் உன் எழுத்தாகவே வரட்டும் என்று, கட்டம் போட்ட தாளில் எல்லா எழுத்தையும் ஒரு தடவை எழுதி, அதைப் படம் பிடித்து, உன் கையெழுத்தையே மெஷினுக்குள் ஏற்றிவிட்டாய். அடுத்த கடிதத்தைச் செவந்திக்கே அனுப்பினாய். அவள் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அசல் உன் கை. உன் அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தெருவே பார்த்து மெச்சியது.

நான் மட்டும் மூன்று நாள் அந்தத் தாளை வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூனை என்று நான் பெயர் வைத்திருக்கிற எழுத்து ஒன்று உண்டு. எண்ணினேன், இருபத்தேழு பூனை. இருபத்தேழும் ஒரே பூனை! ஒன்றுகூடச் சோம்பல் முறிக்கவில்லை. வரி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திருப்பித் தடவினேன், முதுகு வழுவழுவென்று இருந்தது. இதில் நீ எங்கே இருக்கிறாய்?

இன்றைக்குச் செவந்தியிடம் கேட்டேன். "அதுக்கு வழி இருக்கு மாமா. ஒரே எழுத்த நாலஞ்சு விதமா எழுதிக் கொடுத்தா, மெஷினு மாத்தி மாத்திப் போட்டுக்கும்" என்றாள்.

"அப்ப ஒண்ணு செய்யச் சொல்லு தாயி. சந்தோசமா இருக்கயில ஒரு தாளு, காய்ச்சலா இருக்கயில ஒரு தாளு, பொய் சொல்லயில ஒரு தாளு எழுதி ஏத்தட்டும். அன்னன்னைக்கி எதுவோ அதுல அடிக்கட்டும்."

"பொய்யின்னு பட்டனத் தட்டிட்டு யாராச்சும் பொய் சொல்லுவாகளா மாமா?"

"எம் மகன் சொல்லுவான். நேர்மையான பய."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நேற்று கார்த்திகா வந்திருந்தாள், ஏதோ பேச்சுவாக்கில், "அண்ணன் வீடியோவுல பேசயில வலது கைய மேசைக்கு அடியிலயே வச்சிருந்துச்சுப்பா" என்றாள். நான் கேட்டதும் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். பேனாவை ஏன் விட்டாய் என்று எனக்கு அப்போதுதான் கேள்வி வந்தது. கைக்கு என்னடா? மணிக்கட்டா, விரலா? பேனா பிடிக்க முடிகிறதா இல்லையா? மழுப்பாமல் எழுது. இடது கையால் கோணல்மாணலாக எழுதினாலும் போதும், நான் படித்துக்கொள்வேன்.

மருமகள் அபிராமிக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். சோறும் தண்ணீரும் குறைவில்லாமல் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டைவிரலால் கையெழுத்து வைக்கும் அப்பன்
சிவசாமி

பின்குறிப்பு: செவந்தி இதை அச்செடுத்துக் கையில் கொடுத்தாள். பார்த்தால் உன் எழுத்து. நீ அனுப்பியது அவள் மெஷினிலேயே தங்கிவிட்டதாம், மாமாவுக்குப் பிரியமாக இருக்கும் என்று அதிலேயே அடித்துவிட்டாள். நான் உன்னைத் திட்டியதெல்லாம் நீ எனக்கு எழுதிய மாதிரி இருக்கிறது. இதை எப்படித் தபாலில் போடுவது? போடவில்லை. பதில் எதுவும் எழுத வேண்டாம். வியாழக்கிழமை பஸ்ஸில் நானே கொண்டு வாரேன். எதிரே உட்கார்ந்து நீயே எனக்குப் படித்துக் காட்டு. நீ படி, நான் தாளைப் பிடித்திருக்கிற கையைப் பார்த்துக்கொள்கிறேன்.