ஆட்காட்டி நடத்திய ஆங்கிலத் துறை

ஒரு காட்டில் வெகுநாள் வரைக்கும் மூன்றே பாடங்கள்தான் இருந்தன: பசி, பயம், தூக்கம். மூன்றிலும் எல்லா மிருகங்களும் நல்ல மதிப்பெண் வாங்கி நிம்மதியாக இருந்தன. நான்காவதாக ஆங்கிலம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், அந்தக் காட்டுச் சிங்க ராஜாவின் ரோஷம்.

பக்கத்துக் காட்டில் நடந்த ஒரு கூட்டத்துக்கு ராஜா போயிருந்தார். அந்தக் காட்டு ராஜா எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து நம் ராஜா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். அது இரங்கல் செய்தி என்று பிறகுதான் தெரிந்தது. செத்துப்போனவர் அந்த ராஜாவின் மாமனார். திரும்பி வந்த ராஜா இரண்டு நாள் இரை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், ஏரிக்கரையில் ஒரு கல்லூரி, அதில் ஒரே துறை, ஆங்கிலத் துறை என்று உத்தரவு போட்டார். துறைத் தலைவராக வருகிறவருக்கு முள்வேலி போட்ட குவார்ட்டர்ஸ் உண்டு என்றும் அறிவித்தார்.

அந்த ஏரிக்கரையில் தில்லைநாயகி என்றொரு ஆட்காட்டிக் குருவி இருந்தாள். ஆட்காட்டி என்றால் காட்டுக்குக் காவல்காரி. ஆபத்து எதுவும் நெருங்கினால் தொண்டை கிழியக் கத்துவாள், மற்ற மிருகங்கள் ஓடித் தப்பிக்கும். ஊரையெல்லாம் காப்பாற்றியவளுக்குத் தன் முட்டையைக் காப்பாற்றத்தான் வழியில்லை. ஆட்காட்டிகளுக்கு மரத்தில் கூடு கட்டத் தெரியாது, வெறும் சரளைக் கல் தரையில்தான் முட்டையிடும். இரண்டு வருஷமாக இட்ட முட்டைகளை எல்லாம் சிகாமணி என்கிற கீரி தின்று தீர்த்திருந்தான். தின்றுவிட்டு, மறுநாள் வந்து துக்கமும் விசாரிப்பான்.

அதனால் அறிவிப்பைக் கேட்டதும் தில்லைநாயகியின் காதில் விழுந்தது ஆங்கிலம் இல்லை, முள்வேலி. அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. காலில் விழுந்தாவது கேட்டுப் பார்ப்போம் என்று நேர்காணலுக்குப் போய்விட்டாள்.

போட்டிக்கு வந்தவர் இன்னொருவர் மட்டுமே. ஞானப்பிரகாசம் என்கிற கிளி. ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் வீட்டுக் கூண்டில் பதினோரு வருஷம் இருந்து, இலக்கணம் முழுவதையும் கேட்டே கற்றவர். யாராவது தப்பாகப் பேசினால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் ராஜாவுக்கு அழகான தமிழில் வணக்கம் சொல்லிவிட்டு, கால்மணி நேரம் ஆங்கிலத்தில் பொழிந்தார். தேர்வுக் குழுவில் ராஜா, ஒரு கரடி, எழுதத் தெரிந்த ஒரே காரணத்தால் பதிவாளர் ஆகியிருந்த சிகாமணி என்று மூன்று பேர். மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

கரடிதான் சந்தேகத்தைக் கிளப்பியது. "இவ்வளவு சுத்தமா தமிழ் பேசுறவனுக்கு இங்கிலீஷ் எப்படி வரும் மகாராஜா? ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தான் இருக்கணும்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கிளியை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

தில்லைநாயகி உள்ளே வந்தாள். ஆங்கிலத்தில் ஏதாவது பேசு என்றார் ராஜா. கெஞ்சுவதற்கு வாயைத் திறந்தவள், மேஜைக்குப் பின்னால் சிகாமணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவ்வளவுதான், பரம்பரையாகக் கத்துகிற கத்தலைக் கத்திவிட்டாள்.

"டிட்-ஹீ-டூ-இட்! டிட்-ஹீ-டூ-இட்!"

வாசலில் இருந்த ஞானப்பிரகாசத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அடடா, என்ன சுத்தமான இங்கிலீஷ்! 'அவன் அதைச் செஞ்சானா?'ன்னு கேக்குறாங்க. ஒரு பிழை இல்லை." தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொண்டது அவருக்கு உறைக்கவே இல்லை. சிகாமணிக்கு முகம் செத்துவிட்டது. எதைச் செய்தானா என்று கேட்கிறாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ராஜா முடிவு செய்தாகிவிட்டது. தில்லைநாயகி துறைத் தலைவி ஆனாள். ஞானப்பிரகாசத்துக்கு மணி அடிக்கிற வேலை கிடைத்தது.

முதல் நாள் வகுப்பில் எண்பத்து மூன்று மாணவர்கள். எருமை, முயல், மான், குரங்கு என்று காடே கால் மடக்கி உட்கார்ந்திருந்தது. தில்லைநாயகி கையில் இருப்பது ஒரே வாக்கியம். அதுவும் வாசலில் கிளி சொல்லித்தான் அர்த்தமே தெரியும். ஆனால் வேலிக்குள் இருக்க வேண்டுமே.

ஒரு வாக்கியத்தை வைத்து மூன்று வருஷம் ஓட்ட முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். கல்லூரிப் பக்கமே போகாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். முதல் வருஷம் உச்சரிப்பு. 'டிட்'டை அழுத்தினால் ஒரு தாள், 'ஹீ'யை அழுத்தினால் இன்னொரு தாள், ஆக நான்கு தாள். இரண்டாம் வருஷம் இலக்கணம். கேள்வி ஏன் கேள்வியாக இருக்கிறது என்று ஆறு மாதம் போனது. மூன்றாம் வருஷம் இலக்கியம். அந்த 'அவன்' யார்? 'அது' எது? 'அது' என்பது மனச்சாட்சி என்று எருமை நாற்பது பக்கம் எழுதியது. குரங்கு கைடு போட்டது. முயலோ 'அவன்' என்று ஒருவனே கிடையாது என்று ஆய்வு செய்து, அதைப் படித்த எல்லோரையும் கலங்க வைத்தது. தில்லைநாயகிக்கே சில நாள் தான் பெரிய அறிவாளிதானோ என்று தோன்றும். வீட்டுக்குப் போனதும் தெளிந்துவிடும். அவள் வீட்டுக்காரரும் ஆட்காட்டிதான், பிறந்ததில் இருந்து அதே வாக்கியத்தைக் கத்துகிறவர்தான். ஆனாலும் உச்சரிப்புத் தாளில் இரண்டு முறை ஃபெயிலாகி, மூன்றாம் முறைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

வேலிக்குள் போன முதல் இரண்டு வருஷமும் அவள் முட்டையே இடவில்லை. பாழும் பயம். மூன்றாம் வருஷம் துணிந்து நான்கு முட்டை இட்டாள். வகுப்பு முடிந்ததும் மற்ற கல்லூரிகளில் பேராசிரியர்கள் டீ குடிக்கப் போவார்கள் என்றால் இவள் ஓடிப்போய் முட்டையைத் தொட்டுப் பார்ப்பாள். நான்கும் இருக்கும். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக அவள் வாழ்க்கையில் வேறு எதுவும் இல்லை.

சிகாமணிக்கு நாக்கு ஊறியது. தலைவி வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், வேலி போகும் என்று கணக்குப் போட்டான். ராஜாவிடம் போய், மாணவர்களுக்கு ஆங்கிலம் நாவில் படியவில்லை, வளாகத்தில் தமிழ் பேசுவதுதான் காரணம் என்று ஓதினான். புது விதி வந்தது. ராஜாவைத் தவிர யாரும் கல்லூரி எல்லைக்குள் தமிழ் பேசக்கூடாது. மாணவர் பேசினால் சஸ்பெண்ட், ஆசிரியர் பேசினால் விசாரணை வைத்து நீக்கம். பேசியவரைப் பதிவாளரிடம் காட்டிக்கொடுப்பவருக்குப் பத்து இன்டர்னல் மதிப்பெண்.

அன்றிலிருந்து காடு ஊமையானது. தண்ணீர் வேண்டும் என்றாலும் 'டிட் ஹீ டூ இட்', வயிற்று வலி என்றாலும் 'டிட் ஹீ டூ இட்'. பாடம் நடத்துவது என்னவோ முன்பைவிடச் சுலபமாகிவிட்டது.

முட்டை பொரிய ஒரு நாளோ இரண்டு நாளோதான் பாக்கி. ஓட்டுக்குள்ளே குஞ்சுகள் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அன்று காலை வீட்டுக்காரர் அரியர் தேர்வு எழுதப் போயிருந்தார். தில்லைநாயகி மேட்டில் வகுப்பு எடுத்துக்கொண்டே, கீழே குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு கண் வைத்திருந்தாள். அப்போதுதான் பார்த்தாள். கக்கத்தில் ஒரு பதிவேட்டை இடுக்கிக்கொண்டு, பராமரிப்பு ஆய்வுக்கு வருகிறவன் மாதிரி, அவள் வேலை போகும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாத சிகாமணி வேலியின் படலைத் திறந்துகொண்டிருந்தான்.

"டிட்-ஹீ-டூ-இட்!" என்று அலறினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என்றால் அந்தக் குரலுக்குக் காடே எழுந்து ஓடியிருக்கும். இப்போது எண்பத்து மூன்று பேரும் நோட்டைத் திறந்தார்கள். அவள் மறுபடி அலறினாள். குரலில் இன்றைக்கு என்ன உணர்ச்சி என்று எருமை தலையை ஆட்டி ரசித்தது. முயல் கையைத் தூக்கி, அழுத்தம் இரண்டாவது சொல்லிலா மூன்றாவது சொல்லிலா என்று விரலால் சந்தேகம் கேட்டது. இதுகளுக்கா இத்தனை நாள் மாரடித்தேன் என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"டேய், கீரி என் முட்டையத் திங்கப் போறான்டா! பாவிங்களா, எந்திரிச்சு ஓடுங்கடா!"

எண்பத்து மூன்று பேரும் எழுந்து ஓடினார்கள், பார்க்கவேண்டுமே அந்த ஓட்டத்தை. தில்லைநாயகிக்குக் கண்ணில் நீர் வந்தது. என்ன இருந்தாலும் என் பிள்ளைகள் என்று நினைத்தாள்.

பிள்ளைகள் ஓடியது பத்து மதிப்பெண்ணுக்கு. தமிழ் பேசிய பேராசிரியரைப் பதிவாளரிடம் காட்டிக்கொடுக்க வேண்டும், பதிவாளரோ படலுக்குள் ஒரு காலை வைத்தபடி நிற்கிறார். யார் முதலில் போவது என்று இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவனைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். எருமை அவன் வாலிலேயே காலை வைத்து நின்றது. எல்லோரும் மேட்டைக் காட்டி "டிட் ஹீ டூ இட், டிட் ஹீ டூ இட்" என்று புகார் சொன்னார்கள்.

சிகாமணிக்குப் போங்கடா வீட்டுக்கு என்று கத்த வேண்டும் போல இருந்தது. தமிழில் கத்தினால் அவனையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்து இன்னொரு பத்து வாங்க எண்பத்து மூன்று பேர் தயாராக நின்றார்கள். வேறு வழியில்லாமல் பதிவேட்டைப் பிரித்து, ஒவ்வொருவர் பெயர், ரோல் நம்பர், புகார் என்று எழுதி, ஒப்புகைச் சீட்டும் கிழித்துக் கொடுத்தான். எழுதி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் வீட்டுக்காரர் தேர்வு எழுதிவிட்டு வந்து, இவ்வளவு கூட்டம் எதற்கு என்று புரியாமலே முட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை விசாரணை. குற்றம் நிரூபணம் ஆனால் மதியத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று சிகாமணி முன்கூட்டியே ஓலை ஒட்டியிருந்தான். குஞ்சுகள் வெளியே வர மிஞ்சிப்போனால் சாயங்காலம் ஆகும். அந்த அரை நாளுக்காகத் தில்லைநாயகி தெரிந்த தெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டு வந்து நின்றாள். தான் தமிழில் கத்தியது காடறிந்த சங்கதி. தப்பிக்க ஒரு வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

துறை சம்பந்தப்பட்ட விவகாரம் என்பதால் விசாரணை ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்றார் ராஜா. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளைச் சுட்டிக்காட்டி, சாட்சிகளைப் பார்த்துக் கம்பீரமாகக் கேட்டார்: "டிட் ஹீ டூ இட்?"

அந்த வாக்கியம் அந்தக் காட்டில் அர்த்தத்தோடு பேசப்பட்டது அதுவே முதல் தடவை.

எருமை முன்னால் வந்தது. எல்லாம் தெரியும் அதற்கு, கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. "டிட் ஹீ டூ இட்," என்றது. ராஜா தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார். முயல் 'ஹீ'யை அழுத்திச் சொன்னது. குரங்கு 'இட்'டை அழுத்திச் சொன்னது. எண்பத்து மூன்று பேரும் வந்தார்கள், எண்பத்து மூன்று பேரும் ராஜாவைத் திருப்பிக் கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். சிகாமணி விடவில்லை. ஆங்கிலம் முழுவதும் தெரிந்த ஒருவர் இருக்கிறாரே என்று ஞாபகம் வந்து, மணி அடிக்கிற கிளியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினான்.

தில்லைநாயகிக்கு உயிர் போய்விட்டது. இவர் வேலையைத்தானே நான் பறித்துக்கொண்டேன், இவர் எதற்கு என்னை விடப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள். உண்மையில் ஞானப்பிரகாசத்துக்கு அவள்மேல் பகை ஒன்றும் இல்லை. அவருக்குப் பகை பிழையின்மேல்தான். பெண்பாலைப் போய் 'ஹீ' என்று ராஜா கேட்டதில் இருந்து அவர் தவித்துக்கொண்டிருந்தார். பதிலையும் சொல்லி, பிழையையும் திருத்திவிட, ராஜாவை நேருக்கு நேர் பார்த்து, அழுத்தம் வைக்க வேண்டிய இடத்தில் நன்றாக அழுத்தம் வைத்துச் சொன்னார்:

"ஷீ! ஷீ!"

ராஜாவின் பிடரி சிலிர்த்தது. "யாரைப் பார்த்துடா சீங்கிறே?"

விளக்கம் சொல்லக் கிளி வாயைத் திறப்பதற்குள் கரடி அவர் கழுத்தைப் பிடித்து எல்லைக்கு வெளியே வீசிவிட்டது. பதினோரு வருஷம் படித்த இலக்கணம் அப்படிப் பறந்துபோனது. அது திரும்பி வரவில்லை. கேள்விக்குப் பதில் தெரிந்த சாட்சி கிடைக்கும் வரை வழக்கை ஒத்திவைக்கிறேன், அதுவரை தலைவி அதே குவார்ட்டர்ஸில் இருக்கலாம் என்று ராஜா எழுந்துபோனார்.

அன்று சாயங்காலம் நான்கு முட்டையும் பொரிந்தன. ஆட்காட்டிக் குஞ்சுகள் பிறந்த அன்றே நடக்கும். நான்கும் தத்தித் தத்தி நாணலுக்குள் போய் மறைவதைப் பார்த்துத் தில்லைநாயகி வாய்விட்டு அழுதாள், அதையும் தமிழில்தான் அழுதாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை கல்லூரி விழாவன்று ராஜா எழுந்து அதே கேள்வியைக் கேட்பார். காடே எழுந்து நின்று அவரைத் திருப்பிக் கேட்கும்.

நீதி: மாணவர்களுக்குக் கேள்வியை மட்டும் கற்றுக்கொடுங்கள். பதிலையும் கற்றுக்கொடுத்தால், ஒருநாள் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வந்து நிற்பார்கள்.