நாலு ஃபேன் கொம்பியூட்டரும் வாப்பாவின் பைத்தும்

கொம்பியூட்டரைக் காதால் தெரிந்தெடுத்து வாங்கிய மனிதன் இலங்கைத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் கண்ணால் பார்த்து வாங்குவார்கள், அல்லது விபரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். விபரம் தெரிந்தவன் நானே என்று நினைத்ததால் எனக்கு அந்த இரண்டாவது வழி அடைபட்டிருந்தது. (புத்தளத்தில் கொம்பியூட்டர் வகுப்பொன்றுக்குப் போய் வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு முன் அறையில் மாட்டியிருந்தேன். அங்கே படித்ததில் பாதி, கொம்பியூட்டரை ஒழுங்காக நிறுத்துவது எப்படி என்பதுதான்.)

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கற்பிட்டியில், களப்பு என்கிற கடல்நீர் ஏரியின் கரையில் எங்கள் வீடு. தங்கை சிஃபானாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். நகையைப் பற்றியோ புடவையைப் பற்றியோ வாய் திறக்காதவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாப்புள்ள வாசலுக்கு வரக்குள்ள வாப்பாட பைத்துதான் கேக்கோணும்."

பைத் என்பது மாப்பிள்ளையை அழைத்து வரும்போது பாடுகிற வாழ்த்துப் பாட்டு. வாப்பா மீன்பிடிகாரர். ஆனால் ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பைத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். கடலில் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் பாடிப் பழகிய குரல் அது. சிக்கல் என்னவென்றால், சொந்த மகளின் கல்யாணத்தில் அவர் பாட முடியாது. பெண்ணின் தகப்பன் வாசலில் நின்று ஆட்களை வரவேற்க வேண்டும். அதைவிட, மகள் பேச்சு வந்தாலே அவருக்குத் தொண்டை அடைத்துவிடும். பெண் கேட்டு வந்த அன்றே ஸலாம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர் அவர்.

"முன்னுக்கே ரெக்கோர்ட் பண்ணி வெச்சிருவம். ஒரு கொம்பியூட்டர் இரிந்தா வீடே ஸ்டூடியோதான் வாப்பா" என்றேன்.

மீன்பிடி போட்டுக்குப் புது எஞ்சின் வாங்கவென்று வைத்திருந்த காசு அலுமாரியில் இருந்தது. வாப்பா அலுமாரியைத் திறந்து அதை எடுத்தார். பழைய எஞ்சின் இன்னும் ஒரு வருடம் இழுக்கும் என்று சொல்லிவிட்டு, சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னோடு புத்தளம் பஸ்ஸில் ஏறினார்.

கடைக்காரர் முதலில் காட்டியது பிஸ்கட் டின் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஆளியை அழுத்தினார். திரையில் என்னென்னவோ வந்தன. காதில் ஒன்றும் விழவில்லை. வாப்பா குனிந்து பெட்டியில் காதை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓடுதா மகன் இது?"

எங்கள் பக்கத்தில் எஞ்சின் வாங்குவதென்றால் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று சத்தம் சொல்லிவிடும். சத்தமே வராத எஞ்சினைச் சும்மா தந்தாலும் கரையில் ஒருவரும் தொட மாட்டார்கள். நானும் என்னுடைய சான்றிதழ் பெற்ற காதை வைத்துப் பார்த்தேன். பெட்டி உயிர் போய் மௌத்தாகிக் கிடந்தது.

"மத்தத போடுங்க" என்றேன்.

மற்றது கோழிக்கூடு அளவில் இருந்தது. பக்கத்தில் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமுமாக லைட். ஆளியை அழுத்தியதும் மேசையிலிருந்த பில் புத்தகத்தின் தாள்கள் படபடத்தன.

"இது கேம் அடிக்கிற பொடியன்மார் வாங்குற. நாலு ஃபேன் இரிக்கி" என்றார் கடைக்காரர்.

வாப்பா கண்ணை மூடிக் கேட்டார். "சீரா ஓடுது. விக்கல் இல்ல. இத எடு மகன்."

"எங்களுக்குச் சத்தந்தான் முக்கியம்" என்று நான் கடைக்காரருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். (இன்று யோசித்தால் அது பரிதாபம். அன்று மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.)

ஒலிப்பதிவு நாளன்று நான் நடத்திய கெடுபிடியை உம்மா இன்னும் மன்னிக்கவில்லை. கச்சான் காற்று உள்ளே வராமல் யன்னல்களுக்கு மெத்தைகளை முட்டுக்கொடுத்தேன். குசினியில் தேங்காய் துருவுவதைத் தடைசெய்தேன். சேவலை மாமி வீட்டுக்கு அனுப்பினேன். வேலியோரம் நின்ற கழுதைகளைக் களப்பு வரை துரத்தினேன். (கற்பிட்டிக் கழுதைகளுக்குப் பாடகர்கள் மீது எப்போதும் ஒரு பொறாமை உண்டு.) இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய அமைதிக்குள் நாலு ஃபேனையும் முடுக்கிவிட்டேன். மைக்கின் வயர் கட்டையாக இருந்ததால் அதைக் கொம்பியூட்டரின் தலையிலேயே வைத்தேன்.

வாப்பா வியர்த்து வழியப் பாடினார். பிறகு அதே அறையில், அந்தக் கொம்பியூட்டர் இரைந்துகொண்டிருக்க, அதன் முன்னாலேயே உட்கார்ந்து கேட்டோம். பதிவில் இருந்த இரைச்சல் அறையிலிருந்த இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டது. எங்களுக்குக் கேட்டது வாப்பாவின் குரல் மட்டும்தான். சிஃபானா சுவரில் சாய்ந்து அழுதாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. குரல் கொஞ்சம் மெலிவாக இருந்ததால், திரையில் சத்தத்தை ஏற்றக்கூடிய எல்லாவற்றையும் உச்சிக்கு ஏற்றிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் மாம்புரி ஆட்கள். அவர்களும் மீன்பிடிகாரர்கள்தான். ஊர்வலம் எங்கள் வாசலுக்கு வந்ததும் நான் ஒலிபெருக்கிக்காரருக்குக் கையைக் காட்டினேன்.

பாட்டுக்கு முன் ஒரு சிறிய மௌனம் விட்டிருந்தேன். அந்த மௌனம் களப்பே அதிரும்படி கொர்ர்ர் என்று வந்தது. மாப்பிள்ளை உட்பட மொத்த ஊர்வலமும் களப்பைத் திரும்பிப் பார்த்தது.

"ஆரு இந்த நேரத்தில போட் எடுக்கிற?" என்றார் மாப்பிள்ளையின் மாமா. காதைச் சாய்த்துக் கேட்டார். "பதினஞ்சு குதிர எஞ்சின்."

"இல்ல, இருவத்தஞ்சு" என்றார் பக்கத்தில் நின்றவர். "வாறதுமில்ல போறதுமில்ல. நிண்ட இடத்திலயே நிக்கிது."

"நங்கூரம் எடுக்க மறந்திட்டான் போல."

அந்த நேரம் பார்த்து, கொர்ர்ரின் அடியிலிருந்து வாப்பாவின் குரல் எழும்பியது. மாமாவின் முகம் மாறிவிட்டது.

"ஆரோ கத்துறான். தண்ணில விழுந்திட்டான்."

மாப்பிள்ளைத் தோழர்கள் இருவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். நான் பாய்ந்து வயரைப் பிடுங்கினேன். எல்லாம் அடங்கியது. யன்னல் திரைக்குப் பின்னால் சிஃபானா நின்றாள். கல்யாணத்துக்கென்று அவள் கேட்டிருந்தது அந்த ஒன்றே ஒன்றுதான். எனக்குக் களப்பில் விழுந்து சாகலாம் போலிருந்தது. ஆனால் காப்பாற்றுவதற்கு ஆட்கள் ஏற்கனவே இடுப்பளவு தண்ணீரில் தயாராக நின்றார்கள்.

வாசலில் நின்ற வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடியே பைத்தைத் தொடங்கினார். முதல் அடி முடிவதற்குள் தொண்டை அடைத்தது. மாம்புரி மாமா அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கரைக்கு ஓடியவர்களும் சொட்டச் சொட்ட வந்து நின்று பாடினார்கள். அழுதும் பாடியும் வாப்பா கடைசி அடி வரைக்கும் போய்ச் சேர்ந்தார். திரைக்குப் பின்னால் சிஃபானா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னாள்.

விருந்தெல்லாம் முடிந்த பிறகு வாப்பா வந்து கொம்பியூட்டரின் முன்னால் நின்றார். அதன் நாலு ஃபேனும் நிம்மதியாகச் சுழன்றுகொண்டிருந்தன.

"எஞ்சினுக்கு வெச்ச காசு" என்றார், "எஞ்சினாத்தான் வந்திரிக்கி."

அன்றிலிருந்து, நான் எந்தச் சபையில் தொண்டையைச் செருமினாலும் சிஃபானாவின் புருஷன், என் மச்சான், எழுந்து நின்று இல்லாத எஞ்சின் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார். அவருடைய பிள்ளைகளும் அதை நன்றாகப் பழகிவிட்டார்கள்.

போன பெருநாளைக்கு இந்தக் கதையை ஒரேயடியாக முடித்துவிட நினைத்தேன். இப்போது என்னிடம் சத்தமே போடாத கொம்பியூட்டர் ஒன்று இருக்கிறது. இரைச்சலைப் பிரித்தெடுக்கும் வசதியும் வந்துவிட்டது. பழைய பதிவைத் தேடியெடுத்து, கொர்ர்ரை முழுதாகக் கழுவி, எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். வாப்பாவின் குரல் தனியாக, சுத்தமாக வந்தது. வாப்பா கண்ணை மூடிக் கேட்டார்.

"எஞ்சின் எங்க மகன்?"

"எடுத்திட்டன் வாப்பா."

"நடுக்கடல்ல நிண்டு போன மாதிரி இரிக்கி. திரும்பப் போடு."

மச்சான் எழுந்து கயிற்றை இழுத்தார்.