பொன்னுதுரையின் சுண்டுவிரல் சுதந்திரம் பெற்ற கதை

நாடு சுதந்திரம் பெற்ற மறுமாதம், காஜா பெராங் ஊர்த் தர்ம ஆஸ்பத்திரியும் சுதந்திரம் பெற்றது. இனி நோயாளியின் மேலான அபிப்பிராயத்தைக் கேட்டு, டாக்டரும் அவரும் கலந்து பேசி, ஒருமனதாகவே வைத்தியம் நடைபெறும் என்று நிர்வாகக் குழு தீர்மானித்துவிட்டது.

முதலில் மாட்டிக்கொண்டவன் பஸ் டிரைவர் பொன்னுதுரை. இனிப்புநீர் வியாதியில் வலது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. பிரேக் மிதிக்கிற கால். அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"விரலை எடுத்தா கால் பிழைக்கும்னு நினைக்கிறேன். உங்க அபிப்பிராயம்?" என்றார் டாக்டர் கலியாணசுந்தரம்.

பொன்னுதுரை கணக்குப் போட்டான். டாக்டரே தன்னைக் கேட்கிறாரென்றால் வியாதி முற்றிவிட்டது போலும்.

"நீங்க படிச்சவங்க. பார்த்துச் செய்யுங்க டாக்டர்."

"அதெல்லாம் வெள்ளைக்காரனோட போச்சு. இப்ப மெர்டேக்கா, சுதந்திரம். நீங்கதான் சொல்லணும்."

"அப்ப வெட்ட வேணாம்லா."

"அது தப்பான முடிவு."

"சரி, வெட்டிடுங்க."

"நான் சொன்னதுக்காகச் சொல்றீங்க. அது சுதந்திரமான முடிவு ஆகாது. யோசிச்சுட்டு அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் பக்கத்து விரலும் கறுத்திருந்தது. பொன்னுதுரை வாசல் பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் யோசனை கேட்டான். கேட்காமலே வைத்தியம் சொல்கிறவர்கள், கேட்டால் விடுவார்களா? பல்வலிக்கு வந்த ஷரீஃபுதீன் மஞ்சள் பற்று என்றார். இருமலுக்கு வந்த ரோஷன் பீவி கத்தியே ஆகாதென்றார். ஓட்டுப் போட்டு ருசி கண்ட ஊராயிற்றே, கை தூக்கச் சொன்னார்கள். மஞ்சள் அமோகமாக வென்றது. மக்கள் தீர்ப்பைக் கேட்டு டாக்டர் மனம் நெகிழ்ந்தார்.

மூன்றாம் வாரம் மனைவி கமலவேணி பொறுக்கமாட்டாமல் கத்தினாள். "பேசினது போதும், வெட்டித் தொலைங்க டாக்டர்!"

"ஆத்திரத்துல எடுக்கிற முடிவு செல்லாதும்மா."

அங்கேயே காய்ச்சலில் நினைவு தப்பி விழுந்தான் பொன்னுதுரை. மறுப்புச் சொல்ல ஆளில்லாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்தபோது டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு!"

பொன்னுதுரை அவருடைய இரண்டு பூட்ஸையும் பார்த்தான்.

"இப்ப மரக்கால் வைக்கணும். எந்த மாதிரி வைக்கலாம்? உங்க அபிப்பிராயம்?"

வாசல் பெஞ்சில் அதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு பொன்னுதுரை சொன்னான்.

"நீங்க படிச்சவங்க. பார்த்துச் செய்யுங்க டாக்டர்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். யோசித்துவிட்டு அடுத்த வாரம் நடந்து வரச் சொன்னார்.