ராக்கெட்டில் போய் வந்த முட்டை

புதுச்சேரியில் எங்கள் பாகூர் கொம்யூன் முழுக்கத் தேடினாலும் சரி, உலகம் முழுக்கத் தேடினாலும் சரி, ராக்கெட் கிளம்புகிற நேரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் ஒருத்திதான் கிடைப்பாள். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வகுப்பில் வருகை எடுக்கும்போது மட்டும் அது காதில் விழும். மற்ற நேரமெல்லாம் எங்களுக்கு அவள் 'இறங்குமுகம்'.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே, கரும்புக் கொல்லைகளுக்குள் ஒளிந்திருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் படித்தோம். மாணவர்களே ராக்கெட் செய்து வானத்தில் விடுகிற கழகம் ஒன்று அங்கே ஒரு குட்டி அறையில் இருந்தது. நான் அதில் சேர்ந்தது விஞ்ஞானத்துக்காக அல்ல. ராக்கெட் வேலை என்று சொன்னால் வகுப்புக்குப் போகாமலே வருகை விழும். முதல் கூட்டத்தில் எங்கள் சீனியர், தனக்குத் தானே 'கேப்டன்' என்று பட்டம் சூட்டிக்கொண்டவர், ஏன் ராக்கெட் செய்ய வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவன் நிலா என்றான். ஒருத்தி செவ்வாய் என்றாள். நான் நாட்டுப்பற்று என்றேன். சோரியாங்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒல்லிப் பெண் மட்டும் எழுந்து நின்று பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

"மேல போனது எப்பிடிண்ணா எறங்கும்? அத்த யாருனா பாத்துக்கிறீங்களா?"

"அது தானா வந்துரும்மா," என்றார் கேப்டன்.

"தானா வந்தா ஒடஞ்சிருமேண்ணா."

நல்ல காரியம் பேசுகிற இடத்தில் இப்படியா என்று கேப்டனுக்குக் கோபம். அன்றைக்கே 'இறங்குமுகம்' என்று பெயர் வைத்துவிட்டார். அவளோ அதைப் பதவி உயர்வு போல எடுத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து பாராசூட் வேலையில் இறங்கிவிட்டாள்.

அதன் பிறகு எங்கள் கல்லூரியில் உயரமான இடம் எதன் கீழேயும் நிம்மதியாக நிற்க முடியவில்லை. விடுதி மொட்டை மாடியிலிருந்து குடைத்துணியில் தொங்கியபடி டிபன் பாக்ஸ் இறங்கும். தண்ணீர்த் தொட்டி மேலிருந்து பூசணிக்காய் இறங்கும். ஒரு நாள் வார்டன் அம்மாவின் ஒற்றைச் செருப்பு மிக மெதுவாக, ராஜ மரியாதையோடு, அவர் காலடியிலேயே வந்து இறங்கியது. திட்ட வாயைத் திறந்தவர், அது இறங்கிய அழகைப் பார்த்து இன்னொரு தடவை போடச் சொன்னார்.

பேருந்தில் போனாலும் விடமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே துணியைப் பிடித்துக் காற்று எப்படி நிரம்புகிறது என்று பார்ப்பாள். நடத்துநர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

"யம்மா, துணி காயப் போட இது இன்னா உன் வூட்டு மாடியா?"

"இன்னும் கொஞ்சம் வேகமா போவச் சொல்லுங்கண்ணா. காத்து பத்தல," என்றாள் இவள்.

இவ்வளவு பாடுபட்டும் எங்கள் முதல் ராக்கெட்டில் பாராசூட் போகவில்லை. எடை குறைந்தால் உயரம் கூடும் என்று கேப்டன் கடைசி நேரத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டார். ராக்கெட் பிரமாதமாகப் போனது. போன வேகத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் திரும்பியும் வந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கொல்லைக்காரர் அதைத் தோளில் சுமந்துகொண்டு பிரின்சிபால் அறைக்கே வந்துவிட்டார்.

"இது உங்குளுதா சார்? என் மோட்டார் கொட்டாய் கூரையப் பொத்துக்கினு உள்ள குத்தி நின்னுது. நல்லவேள, நான் அப்பத்தான் டீ குடிக்க வெளிய வந்தேன்."

அவர் போனதும் பிரின்சிபால் எங்களை வரிசையில் நிற்க வைத்தார். "இன்னும் ஒரே ஒரு தடவ. உள்ள ஒரு முட்டைய வெச்சு அனுப்புங்க. அது உடையாம, அன்னிக்கு சாயந்தரம் காலேஜ் பஸ் கெளம்பறதுக்குள்ள என் மேஜைக்கு வரணும். இல்லன்னா கழகத்தக் கலைச்சுட்டு அந்த ரூம்ல ஜெராக்ஸ் மெஷினப் போட்டுடுவேன்."

வெளியே வந்ததும் இறங்குமுகம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ரூம் போச்சின்னா நான் எங்கப்பா போவேன்?" கொல்லை வேலைக்குப் போகிற அம்மா கட்டணம் கட்டிப் படிக்க வைத்த பெண் அவள். எங்கள் கல்லூரியில் அவளுக்கு வாய்த்த ஒரே சந்தோஷம் அந்தக் குட்டி அறைதான்.

இரண்டாவது ராக்கெட்டுக்கு அவள் அம்மாவின் பழைய நைலான் புடவையை வெட்டிப் பாராசூட் தைத்தாள். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம். "எங்க விழுந்தாலும் பளிச்சினு தெரியும்பா," என்றாள். அதனால் இடம் காட்டும் கருவியையும் கேப்டன் எடைக்காகக் கழற்றிவிட்டார். பிரின்சிபால் தன் பங்குக்கு, நாங்கள் முட்டையை மாற்றிவிடுவோம் என்ற நம்பிக்கையில், அதன் மேல் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, அறுவடை முடிந்த ஒரு வயலில் விட்டோம். ராக்கெட் சீறிக்கொண்டு போனது. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கத்தினோம். இறங்குமுகம் மட்டும் காற்று வீசுகிற பக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "விரிஞ்சிருச்சுடி," என்று பக்கத்தில் நின்றவள் உலுக்கிய பிறகுதான் நிமிர்ந்தாள். ஆரஞ்சுப் புடவை முழுதாக விரிந்து, அவசரமே இல்லாமல் தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் கலங்கிவிட்டன.

தோப்பைத் தாண்டி ஓடினோம். அப்படியே நின்றுவிட்டோம். அந்தப் பக்கம் முழுக்க மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலையைக் கிளறப் பன்றி வரக்கூடாது என்று ஒவ்வொரு கொல்லையைச் சுற்றியும் பழைய புடவைகளை வேலியாகக் கட்டியிருந்தார்கள். கிளிப்பச்சை, ரோஸ், மஞ்சள், எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு. பிறந்ததிலிருந்து நாங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்த வேலிதான். தினம் பார்ப்பதால் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

மத்தியானம் முழுக்க ஒவ்வொரு ஆரஞ்சுப் புடவையாகத் தொட்டுப் பார்த்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் ஒரு புடவையைப் பிடித்து இழுக்கவும், கொல்லைக்குள்ளிருந்து அதட்டல் வந்தது.

"யாருடா அது, வேலியப் புடிச்சி இழுக்கறது?"

கொல்லைக்கார அக்கா ஒருவர் களைக்கொத்தோடு வந்தார். ராக்கெட்டைத் தேடுகிறோம் என்றதும் அவர் முகம் மாறியது.

"அந்தக் கொழாயா? வேலிப் பொடவதான் காத்துல அவுந்து விழுந்துச்சின்னு நெனச்சேன். கவுறுலாம் கட்டி வாட்டமா வேற இருந்துச்சா, அப்பிடியே நட்டு வெச்சிட்டேன்."

திரும்பிப் பார்த்தால், எங்கள் ராக்கெட் மூக்கு மண்ணுக்குள் புதைய வேலிக்கம்பாக நின்றுகொண்டிருந்தது. அதன் இடுப்பில் ஆரஞ்சுப் புடவை.

"உள்ள முட்ட இருந்துச்சேக்கா?" என்றாள் இறங்குமுகம்.

"இருந்துச்சி. இத்தத் தேடிக்கினு வர்ற புள்ளைங்க பசியோட வருமேன்னு அவிச்சி வெச்சிருக்கேன்."

கேப்டன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தமே என் காதில் கேட்டது. இறங்குமுகம் மட்டும் அசையவில்லை.

"அவியறப்ப வெள்ளக்கரு எதுனா வெளிய வந்துச்சாக்கா?"

"ஒண்ணும் வரல. ஒரு கீறல் இல்ல, நீயே பாரு."

கல்லூரிப் பேருந்துகள் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தபோது பிரின்சிபால் அறைக்குள் புகுந்தோம். இறங்குமுகம் முந்தானைத் துணியில் சுற்றி அந்த அக்கா கொடுத்த முட்டையை மேஜை மேல் வைத்தாள். பச்சைக் கையெழுத்து வெளிறியிருந்தாலும் நன்றாகவே தெரிந்தது.

"என்னம்மா, வெதுவெதுன்னு இருக்கு?"

"அவிச்சாச்சி சார். விரிசல் இருந்தா அவியறப்பவே வெள்ள வெளிய வந்திருக்கும். ஒடையாம எறங்குச்சின்னு சொல்ல இதவிட இன்னா சார் சாட்சி வேணும்?"

பிரின்சிபால் முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். சேறு அப்பிய எங்கள் கால்களைப் பார்த்தார். பிறகு மேஜை விளிம்பில் முட்டையை மெல்லத் தட்டி, பியூனைக் கூப்பிட்டு, உப்பு கிடைக்குமா என்று கேட்டார். ஜெராக்ஸ் மெஷின் நூலகத்துக்குப் போனது.

இப்போது அவள் வில்லியனூரில் ஒரு பம்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமையானால் அந்த அறைக்குப் போய்விடுகிறாள். கழகத்தில் இப்போது இடம் போதாத கூட்டமாம். ராக்கெட் விடுவதற்கு முன்னால் கொல்லை கொல்லையாக நடந்து, வேலியில் இல்லாத நிறம் எது என்று பார்த்துவிட்டுத்தான் துணி எடுக்கிறாளாம். இந்த வருஷம் கத்தரிப்பூ நிறம்.

படிப்பு முடிந்து நான் புனேவுக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று, எல்லோரும் பேருந்து நிலையத்துக்கு வழியனுப்ப வந்தார்கள். கேப்டன் என்னைக் கட்டிப்பிடித்து மேலே மேலே போகணும் என்றார். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். இறங்குமுகம் கடைசியாக ஜன்னல் பக்கம் வந்து நின்று, "எப்பப்பா திரும்பி வருவ?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் வேறு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், இறங்குமுகம். வில்லியனூரில்தான் இறங்குகிறேன்.