பறவைநாகத்துக்கு எத்தனை கால்?

உலகில் இல்லாத ஒன்றைப் பற்றி உலகில் எவருக்கும் இல்லாத அறிவு படைத்த ஓர் இனம் நம் தீவுகளில் உண்டு. பறவைநாக நிபுணர் என்று பெயர். பறவைநாகம் தெரியுமல்லவா? நெருப்புக் கக்கும், சிறகு முளைத்த, மூன்று கால் பாம்பு. சிங்கப்பூர்க் கலண்டர்களில் மட்டும் வசிப்பது.

அனலைதீவு அரியநாயகம் இந்த இனத்தின் உத்தம மாதிரி. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் தெற்கே வைத்திருந்த கடை எரிய, உடுத்த வேட்டியோடு ஊர் திரும்பியவர். கடையில் பத்துப் பேரை அதட்டிய குரல் சும்மா கிடக்குமா? கொப்பி ஒன்று வாங்கி, கலர்ப் பென்சிலால் படம் கீறி, தீவுக்கொரு பறவைநாகமாக வகை பிரித்துவிட்டார். நெடுந்தீவுக் குதிரைமூஞ்சி, எழுவைதீவு ஒல்லிவாலன், எது என்ன தின்னும், எப்போது முட்டையிடும், தும்மினால் நெருப்பு எவ்வளவு தூரம் போகும், எல்லாம் அதில் உண்டு. ‘தெரியாது’ என்ற சொல் மட்டும் கிடையாது.

நிபுணர் ஒருவர் தனியே இருந்தால் ஆபத்தில்லை. இரண்டாமவர் வந்துவிடுவார். இங்கே வந்தவர் தில்லைநாதன், இளைப்பாறிய கிளாக்கர். அவரிடம் கொப்பி இல்லை, ஆட்சேபணை மட்டும் உண்டு.

எண்பத்தாறில் ஒருநாள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு கடலில் படகைக் கண்டால் நேவி சுடும் என்றிருந்த காலம். பிள்ளைவலி கண்ட மகள் இரஞ்சிதத்தை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அன்னப்பிள்ளை இறங்குதுறைக்கு வந்தபோது மணி பதினொன்று. படகின் நடுவில் இரு நிபுணரும் எழுந்து நின்று, கொப்பியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“குதிரைமூஞ்சிக்கு நாலு கால், ஐசே!” என்றார் தில்லைநாதன்.

“ரெண்டு கால்தான். உமக்குக் காலுக்கும் செட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. இரும்!”

“நீர் முதல்லை இரும்!”

நடுவில் இருவர் நின்றால் படகு சரியும், ஓட ஏலாது. ஓட்டி அம்புறோஸ் இருவரையும் இருத்த வேண்டியவன். அவன் என்ன செய்தான்? “ரெண்டு கால் எண்டுதான் நானும் நினைக்கிறன்” என்றான். கரையில் நின்றவர்கள் இரண்டு கட்சியானார்கள். இரஞ்சிதம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். மணி பதினொன்றேகால். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

“அண்ணை, உதைக் கண்ணாலை கண்டிருக்கிறியளோ?” என்றாள் அன்னப்பிள்ளை.

“கண்டிருந்தால் ஏன் பிள்ளை ஆராய்ச்சி?” என்றார் அரியநாயகம்.

அவள் கொப்பியைப் பறித்தாள். கடலில் எறிந்தாள். அதை எடுக்க இருவரும் ஒரே நேரத்தில் குதிக்க, படகு புறப்பட்டது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க ஊர்காவற்றுறையில் இறங்கினார்கள். பெண் குழந்தை. நல்ல சுகம்.

ஊர் திரும்பிய குழந்தையைப் பார்க்க அரியநாயகமும் வந்தார். கையில் புதுக் கொப்பி. “பிள்ளை, போகேக்கை கடலிலை ஏதும் தலை நீட்டினதோ?” என்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். சரி. ஆரம்பத்தில் மூன்று கால் என்று எழுதினேனே, “அதெப்படி மூன்று?” என்று உங்களுக்குள் ஒருவர் எழுந்து நின்றாரா? தயவுசெய்து அவரை இருத்துங்கள். படகு போகவேண்டும்.