நைலான் கயிறு கட்டிய புதையல்

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு நீச்சல் தெரியாது. கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்குக் கடலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கவிதாவும் அதைத்தான் கேட்டாள்.

எல்லாம் செல்போன் வீடியோக்களால் வந்த வினை. புயல் ஓய்ந்ததும் கடற்கரை மணல் அரித்து, பழைய காசும் நகையும் மேலே வருமாம். மெட்டல் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதுமாம். ஒன்றை வாங்கிப் பட்டறையில் சோதித்தேன். (பட்டறை முழுக்க இரும்புத்தூள். கருவி அரைமணி நேரம் ஓயாமல் கத்தியது. நன்றாக வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன்.)

அந்த வருடம் நாகப்பட்டினம் பக்கம் புயல் அடித்தது. கவிதாவின் அக்கா அங்கேதான் இருக்கிறார். "பாவம் அம்மணி, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்" என்றேன். என் திடீர்ப் பாசத்தில் அவள் நெகிழ்ந்துபோனாள், கார் டிக்கியைத் திறக்கும்வரை.

மறுநாள் காலை கடற்கரையில் இறங்கினோம். முதலில் நான்கு சோடா மூடிகள். அப்புறம் ஓரிடத்தில் கருவி அலறியது. முழங்கால் ஆழம் தோண்டினேன். கொக்கி கொக்கியாகப் பெரிய இரும்பு ஒன்று. அதில் பச்சை நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை மணலுக்குள் எங்கோ போனது. (ராஜா காலத்துக் கப்பல் சாமான் என்றே முடிவுகட்டினேன். அதில் நைலான் எப்படி வரும் என்று யோசிக்கிற அறிவு அன்று லீவு.) கால்மணி நேரம் போராடி முடிச்சை அவிழ்த்தேன். இரும்பை வெளியே இழுத்து, புலியைக் கொன்றவன்போல் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, "போட்டோ எடு கண்ணு" என்றேன்.

கவிதா என்னைப் பார்க்கவில்லை. "ஏனுங்க, அந்தப் படகு தன்னால போகுதுங்க."

"போனாப் போகுது, நீ எடு."

"அதுல ஆளே இல்லீங்க!"

அதற்குள் கைலி கட்டிய ஒருவர் ஓடிவந்தார். "யோவ், அது என் நங்கூரம்யா!" என்னை அடிக்கக்கூட நேரமில்லாமல் கடலில் பாய்ந்தார்.

பின்னால் வந்த அவர் மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டார். "வலையெல்லாம் புயலோட போச்சு. மிஞ்சினது அந்தப் படகு ஒண்ணுதான்."

நானும் கடலுக்குள் ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் ஓர் அலை என்னைப் புரட்டிக் கரையிலேயே திருப்பிப் போட்டது. படகு சிறிதாகிக்கொண்டே போனது. அவர் தலை அதைவிடச் சிறிதானது. கவிதா அந்தப் பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரு கை படகின் விளிம்பைப் பற்றியது. கொஞ்ச நேரத்தில் டபடபவென்று இன்ஜின் சத்தம். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஈர மணலில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன்.

அவர் கரையேறியதும் கும்பிட்டேன். "அண்ணா, தெரியாம அவுத்துப்போட்டேனுங்க."

மூச்சு வாங்க என்னையும் கருவியையும் பார்த்தார். "எந்த ஊரு?"

"கோயமுத்தூருங்க."

"அதான்" என்றார். கோபம் போய்ச் சிரிப்பே வந்துவிட்டது அவருக்கு. "தோண்டத் தெரியுதுல்ல? திரும்பப் பொதைங்க."

புதைத்தேன். முடிச்சை மட்டும் அவரே போட்டார்.

கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளின் ஷூ லேஸை அவிழ்க்கக் குனிந்தேன். ஆறு வயசுதான். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு சொல்கிறாள்:

"இருங்கப்பா, படகு ஏதும் கட்டியிருக்குதான்னு பாத்துட்டு அவுருங்க!"